ஒரே தீர்க்கரேகை, 2,230 கி.மீ.: தில்லி–திருவனந்தபுரம் தொலைவை அளக்க வேண்டியது எதனால்?

புது தில்லி: 2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மழைக்காலக் கூட்டத்தொடர் அமர்வில் பங்கேற்க வேண்டிய ஐந்து மக்களவை உறுப்பினர்கள், திருவனந்தபுரத்திலிருந்து தில்லி செல்லும் ஏர் இந்தியா விமானத்தில் இரவு எட்டு மணிக்குப் பின் புறப்பட்டனர். பொதுக் கணக்குக் குழுத் தலைவர் கே.சி. வேணுகோபால், கொடிக்குன்னில் சுரேஷ், அடூர் பிரகாஷ், மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ராதாகிருஷ்ணன் ஆகிய நால்வர் கேரளத்தினர். ஐந்தாமவர் திருநெல்வேலி உறுப்பினர் ராபர்ட் புரூஸ்.

வழியில் விமானம் கடுமையாகக் குலுங்கியது. தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தாலும் மோசமான வானிலையாலும் அது சென்னைக்குத் திருப்பப்பட்டது. சென்னை வான்பரப்பில் நெடுநேரம் வட்டமிட்டது. தரையிறங்குவதற்கான முதல் முயற்சி கைவிடப்பட்டது. ஓடுபாதையில் வேறு விமானம் நின்றதால்தான் அவ்வாறு நேர்ந்தது என்றார் வேணுகோபால். அதை மறுத்த விமான நிறுவனம், கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுறுத்தலின்படியே விமானம் மீண்டும் மேலெழும்பியது என்று விளக்கம் அளித்தது. நள்ளிரவுக்கு முன் தில்லியில் இருந்திருக்க வேண்டியவர்கள், இரவு பத்தரை மணி அளவில் சென்னையில் பத்திரமாகத் தரையிறங்கினர்.

அந்த நிகழ்வின் பரபரப்பு சில நாட்களில் அடங்கிவிட்டது. எனினும், அது இரண்டு செய்திகளை எடுத்துக் காட்டியது. முதலாவது, திருநெல்வேலியின் பிரதிநிதி நாட்டின் தலைநகரை அடையக் கேரளத் தலைநகரின் விமான நிலையத்தை நாடுகிறார் என்பது. இரண்டாவது, தென்கோடிக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்ள தொடர்பு, மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான ஒரு விமானப் பயணத்தையே நம்பியிருக்கிறது என்பது.

இந்தத் தொலைவை எதனால் அளப்பது? கிலோமீட்டராலா, மணி நேரத்தாலா, ரூபாயாலா? புவியியல் பாடத்துக்கு உரியதாகத் தோன்றும் இக்கேள்வி, கடந்த சில ஆண்டுகளில் மத்திய அரசின் ஆணைகளிலும் மக்களவை விவாதத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

ஒரே கோட்டின் இரு முனைகள்

தில்லி இந்திரா காந்தி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 77.1 பாகையில் உள்ளது. திருவனந்தபுரம் விமான நிலையம் 76.9 பாகையில் உள்ளது. இடைவெளி ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான். தில்லியிலிருந்து நேர்தெற்கே ஒரு கோடு இழுத்தால், அது கோவையை ஒட்டிச் சென்று திருவனந்தபுரத்தின் அருகே கடலைத் தொடும். அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 2,230 கிலோமீட்டர்.

இதே கோட்டை வடக்கே நீட்டினால் கிடைக்கும் விடை வியப்பளிக்கக் கூடியது. கஜகஸ்தானின் பெரிய நகரமான அல்மாட்டியும் ஏறத்தாழ இதே தீர்க்கரேகையில்தான் இருக்கிறது. இமயத்தையும் காரகோரத்தையும் தாண்டி அமைந்துள்ள அந்த நகரம், நேர்கோட்டுக் கணக்கில் தில்லியிலிருந்து சுமார் 1,640 கிலோமீட்டர். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, மறுநாள் விடியும் முன் உயிர் நீத்த தாஷ்கண்ட் நகரம் சுமார் 1,580 கிலோமீட்டர். காபூல் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இவை அனைத்தும் திருவனந்தபுரத்தைவிடத் தில்லிக்கு அருகில் உள்ளன.

திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தாலும் இதே நிலைதான். அங்கிருந்து கொழும்பு விமான நிலையம் சுமார் 360 கிலோமீட்டர். மாலத்தீவின் தலைநகர் மாலேயும் சென்னையும் ஏறத்தாழ ஒரே தொலைவில், சுமார் 610 கிலோமீட்டரில் உள்ளன. துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். அதாவது, தில்லிக்குச் செல்லும் தொலைவோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் துபாய்க்கே போய்விடலாம். திருவனந்தபுரத்துக்காரர் ஒருவருக்குத் தம் நாட்டின் தலைநகரைவிட இரு அண்டை நாடுகளின் தலைநகரங்கள் மிக அருகில் இருக்கின்றன.

மூன்றேகால் மணி நேரம்

இத்தடத்தில் இயங்கும் ஜெட் விமானங்கள் உயரத்தை எட்டிய பின் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவை. அந்தக் கணக்குப்படி 2,230 கிலோமீட்டரை இரண்டே முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால், ஓடுபாதைக்கு நகர்ந்து செல்வது, மேலெழும்புவது, இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைப்பது, வரிசையில் காத்திருப்பது ஆகியவையும் பயண நேரத்தில் அடங்கும். எனவே, இடைநில்லா விமானங்களின் கால அட்டவணையில் மூன்று மணி பத்து நிமிடம் முதல் மூன்றரை மணி நேரம் வரை குறிக்கப்படுவது வழக்கம்.

கிழக்கு–மேற்குத் தடங்களில் குளிர்கால உயர்மட்டக் காற்று ஒரு திசையில் பயணத்தைச் சுருக்கும். மறு திசையில் நீட்டும். தில்லி–திருவனந்தபுரம் தடம் வடக்கு–தெற்காக அமைந்திருப்பதால் அந்தக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் வீசுகிறது. போகும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் அதிக வேறுபாடு இருப்பதில்லை. இரு முனைகளிலும் வேறு இடையூறுகள் உண்டு. தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனி. திருவனந்தபுரத்தில் ஜூன் தொடங்கிப் பெய்யும் தென்மேற்குப் பருவமழை.

இவற்றோடு, வேறெங்கும் காண முடியாத ஓர் இடைநிறுத்தமும் திருவனந்தபுரத்துக்கு உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. ஆண்டுக்கு இரு நாட்கள், ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, விமானங்களின் நேரம் மாற்றியமைக்கப்படுகிறது. விமான நிலையத்தின் நிர்வாகம் கை மாறிய பின்னரும் இந்த மரபு தொடர்ந்தது.

பயணியின் கணக்கில் மூன்றேகால் மணி நேரம் ஒரு பகுதி மட்டுமே. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். சாலையில் இரண்டு மணி நேரம், விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம், தில்லியில் இறங்கி ஊருக்குள் செல்ல ஒரு மணி நேரம் எனக் கூட்டினால் எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. நேரடி விமானத்தில் இடம் கிடைக்காமல் பெங்களூரு, மும்பை அல்லது ஹைதராபாத் வழியாகச் சென்றால் ஒரு முழுப் பகலே கழிந்துவிடும்.

அஞ்சல் மூட்டையுடன் வந்த விமானம்

திருவனந்தபுரம் விமான நிலையம் திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தது. 1935 அக்டோபர் 29 அன்று டாடா நிறுவனத்தின் சிறு விமானம், நெவில் வின்சென்ட் ஓட்ட, பம்பாயிலிருந்து அங்கு வந்து இறங்கியது. திருவிதாங்கூர் மன்னருக்கு வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய பிறந்தநாள் சிறப்பு அஞ்சல் அதில் இருந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் 'அஞ்சல்' துறைக் கடிதங்களுடன் முதல் விமானம் பம்பாய்க்குப் புறப்பட்டது. கோவாவிலும் கண்ணூரிலும் நின்று சென்ற வாராந்தரச் சேவை அது.

அந்நாளில் தென்கோடி எட்டிப் பிடிக்க வேண்டிய நகரம் பம்பாய். டாடா நிறுவனத்தின் பம்பாய்–தில்லி சேவை தொடங்கியதே 1937 நவம்பரில்தான். விடுதலைக்குப் பின், 1953ஆம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டத்தின்படி உள்நாட்டு விமானச் சேவை அரசுடைமையானது. அதன் பின் சுமார் நாற்பது ஆண்டுகள், எந்தத் தடத்தில் என்ன கட்டணம் என்பது அரசின் கையில் இருந்தது. 1994இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் வந்தன. கட்டணத்தைத் தாமே முடிவு செய்துகொள்ளும் உரிமையும் அவற்றுக்குக் கிடைத்தது.

அதே 1994 மார்ச் மாதம் வெளியான வழித்தடப் பங்கீட்டு விதிகளில் திருவனந்தபுரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. வருவாய் மிகுந்த முதல்நிலைத் தடங்கள் என 12 தடங்கள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் இயங்கும் நிறுவனங்கள், வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீர், அந்தமான், இலட்சத்தீவு போன்ற பகுதிகளுக்கும் குறிப்பிட்ட அளவு சேவை அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பன்னிரண்டில் மும்பை–திருவனந்தபுரமும் ஒன்று. ஏனைய பதினொன்றும் பெருநகரங்களை மட்டுமே இணைத்தவை. தில்லி–திருவனந்தபுரம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

ரயிலுக்கு இரண்டு நாள்

விமானத்துக்கு மாற்று என்ன? நேர்கோட்டில் 2,230 கிலோமீட்டர் உள்ள தொலைவு, தண்டவாளத்தில் 3,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பாலக்காடு, விஜயவாடா, நாகபுரி, போபால் வழியாகச் செல்லும் கேரளா எக்ஸ்பிரஸ் புது தில்லியை அடைய ஏறத்தாழ 50 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 1998 ஜனவரியில் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் பாதை வழியே வாரம் மும்முறை செல்லும் ராஜதானிக்கும் 40 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கன்னியாகுமரியிலிருந்து மதுரை, சென்னை வழியே வாரம் இருமுறை செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினாலும் இரண்டு நாள் பயணம்தான்.

ஜெய்ப்பூர், லக்னோ, சண்டீகர் போன்ற நகரங்களில் இருப்பவருக்கு விமானக் கட்டணம் உயர்ந்தால் ரயில் இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது. இரவு ஏறினால் காலையில் தில்லி. தென்கோடியில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. திங்கள்கிழமை உச்ச நீதிமன்றத்தில் வழக்கு என்றால் அவர் வெள்ளிக்கிழமையே ரயிலேற வேண்டும். தில்லி மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரியும் பெண்ணுக்கு ஊரில் தாய் இறந்த செய்தி வந்தால், ரயிலில் சென்று முகம் பார்க்க இயலாது. விமானம் அங்கே வசதிக்காக மட்டும் அன்று. பல வேளைகளில் அதுவே ஒரே வழி.

விலை கூடினாலும் வாங்கியே ஆக வேண்டிய பொருளுக்குச் சந்தையில் என்ன நேருமோ, அதுவே ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் காலங்களில் இத்தடத்தின் பயணச்சீட்டுக்கும் நேர்கிறது. விமானத்தின் இருக்கைகள் பல கட்டணப் படிகளாகப் பிரிக்கப்பட்டு, கீழ்ப்படி நிரம்பியதும் அடுத்த படி திறக்கப்படும். தேவை பெருகும்போது கீழ்ப்படிகள் விரைவில் மறைந்துவிடும். இது சட்ட விரோதம் அன்று. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 135ஆவது விதிப்படி, நியாயமான கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்ளலாம். நிறுவனங்கள் தாம் அறிவித்த வரம்புக்குள் நடந்துகொள்கின்றனவா என்பதைக் கண்காணிக்க, விமானப் போக்குவரத்து தலைமை இயக்ககத்தில் 2010 முதல் ஒரு பிரிவு இயங்கி வந்தது. வரம்பின் உயரத்தைக் குறைப்பது அதன் பணியன்று.

முதலில் நேரம், பிறகு தூரம்

இப்படிச் சந்தையிடம் விடப்பட்ட கட்டணத்தில் மத்திய அரசு இருமுறை நாடு முழுமைக்கும் வரம்பு விதித்தது. முதல் முறை அளவுகோல் நேரம். இரண்டாவது முறை தூரம்.

கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. அதற்கு முன்னரே, பறக்கும் நேரத்தை வைத்து நாட்டின் தடங்கள் ஏழு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 40 நிமிடத்துக்குக் குறைவான பயணத்துக்குக் குறைந்தபட்சம் ரூ.2,000, அதிகபட்சம் ரூ.6,000. மூன்று மணி முதல் மூன்றரை மணி நேரம் வரையிலான ஏழாவது பிரிவுக்குக் குறைந்தபட்சம் ரூ.6,500, அதிகபட்சம் ரூ.18,600. தற்காலிகம் என்று தொடங்கிய அந்த ஏற்பாடு, தொகைகளில் மாற்றங்களுடன் 2022 ஆகஸ்ட் 31 வரை நீடித்தது.

இரண்டாவது முறை 2025 டிசம்பரில். விமானிகளின் பணி நேர விதிகள் கடுமையாக்கப்பட்டதற்கு ஏற்ப ஆயத்தம் செய்துகொள்ளாத இண்டிகோ நிறுவனத்தின் சேவை குலைந்து, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஏனைய நிறுவனங்களின் கட்டணம் விண்ணை முட்டியது. நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த வேளை அது. டிசம்பர் 6 அன்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் தூரத்தின் அடிப்படையில் உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை ரூ.7,500, 1,000 வரை ரூ.12,000, 1,500 வரை ரூ.15,000, அதற்கு மேல் ரூ.18,000. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் இதில் சேரா. அறிவிக்கும்போதே, நிலைமை சீராகும் வரைக்கான ஏற்பாடு என்று தெளிவுபடுத்தப்பட்டது.

தில்லி–திருவனந்தபுரம் தடம் நீளத்தால் இரு முறையும் மிக உயர்ந்த பிரிவுக்கே உரியது. மேலோட்டமாகப் பார்த்தால் தென்கோடிக்கு இழைக்கப்பட்ட அநீதி போலத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வேறு.

2025இன் ஆணையில் 500 கிலோமீட்டர் செல்பவருக்கு உச்சவரம்பு கிலோமீட்டருக்கு ரூ.15. 1,000 கிலோமீட்டருக்கு ரூ.12. 1,500 கிலோமீட்டருக்கு ரூ.10. திருவனந்தபுரத்தின் 2,230 கிலோமீட்டருக்கோ ஏறத்தாழ ரூ.8. 2020இன் நேரக் கணக்கிலும் இதே போக்குதான். 40 நிமிடப் பயணத்துக்கு உச்சவரம்பு நிமிடத்துக்கு ரூ.150. மூன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் ரூ.95. தொலைவு கூடக் கூட வீதம் குறைகிறது.

இது புதிய தத்துவம் அன்று. இந்திய ரயில்வே பல தலைமுறைகளாகப் பின்பற்றி வந்த முறை இதுவே. முதல் நூறு கிலோமீட்டருக்கு உள்ள வீதம் இரண்டாயிரமாவது கிலோமீட்டருக்கு இல்லை. அஞ்சல் துறை இன்னும் ஒரு படி மேலே சென்றது. நாகர்கோவிலிலிருந்து அடுத்த தெருவுக்கும் ஸ்ரீநகருக்கும் அஞ்சலட்டை ஒரே விலை. பரந்த நாட்டில் எல்லையோரத்தில் பிறந்தவர் அந்தக் காரணத்துக்காகவே அதிகச் சுமை தாங்கக் கூடாது என்ற எண்ணம் இவற்றின் பின்னே இருக்கிறது. அந்த எண்ணத்தை விமானக் கட்டணத்திலும் செயல்படுத்த அமைச்சகத்துக்குத் தெரியும் என்பதற்கு, நெருக்கடிக் காலத்து இரு ஆணைகளே சான்று. நெருக்கடி தீர்ந்ததும் அந்த அளவுகோலுக்கு வேலை இல்லை என்பதுதான் சிக்கல்.

34 பயணங்களும் சாதாரணப் பயணியும்

தொலைவைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும் என்ற கொள்கை ஓரிடத்தில் மட்டும் நிரந்தரமாக நிலைபெற்றிருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஊதியச் சட்டத்தின்படி, கூட்டத்தொடருக்காக மேற்கொள்ளும் பயணங்கள் தவிர, ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணங்கள் உண்டு. ரயிலில் உயர்வகுப்பு அனுமதிச் சீட்டும் உண்டு. ஜெய்ப்பூர் உறுப்பினருக்கும் 34. திருவனந்தபுரம் உறுப்பினருக்கும் 34. கிலோமீட்டர் கேட்கப்படுவதில்லை. தொகுதிக்கும் தலைநகருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பிரதிநிதியின் கடமைக்குத் தடையாகக் கூடாது என்பதே இதன் நியாயம். அது சரியான நியாயம். அந்த நியாயம், அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர் தில்லிக்கு வர வேண்டியிருக்கும்போது பொருந்தாமல் போவது ஏன் என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை.

கேரள உறுப்பினர்கள் இக்கேள்வியை அவையில் இடைவிடாமல் எழுப்பி வந்தனர். வளைகுடா நாடுகளில் வாழும் மலையாளிகளின் பயணச் செலவு அவர்களது முதல் கவலை. வடகரை உறுப்பினர் ஷாபி பரம்பில் 2024 ஜூலையில் விமானக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தக் கோரித் தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில், போக்குவரத்துத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, தடவாரியாக உச்சவரம்பு விதிக்கவும் கட்டணத்தைக் கட்டுப்படுத்தத் தனி அமைப்பை ஏற்படுத்தவும் வழி காண வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கட்டண ஏற்ற இறக்கம் தொடர்பான பொதுநல மனுவில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

தீர்மானத்தின் மீதான விவாதத்துக்கு 2025 டிசம்பர் 12 அன்று பதிலளித்த அமைச்சர் ராம்மோகன் நாயுடு, ஆண்டு முழுவதும் நாடெங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிப்பது சாத்தியமன்று என்றார். பண்டிகைக் காலங்களில் தேவை உயர்வது இயல்பு. கட்டுப்பாடு நீக்கப்பட்டதால்தான் துறை வளர்ந்தது. அசாதாரணச் சூழலில் தலையிடும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது என்பது அவரது வாதம்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வரம்பு தாழ்ந்திருந்தால், நட்டம் தரும் தடத்திலிருந்து நிறுவனங்கள் விமானத்தை விலக்கிக்கொள்ளும். எரிபொருள் விலை உயர்வும், அதன்மீது மாநிலங்கள் விதிக்கும் வரியும் நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் இல்லை. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி. வளையத்துக்குள் வரவில்லை. நேரடிச் சேவை குறைந்தால் தென்கோடிக்கே முதல் இழப்பு.

ஆனால், உறுப்பினர்கள் கேட்பது எல்லாத் தடங்களுக்கும் ஒரே பூட்டு அன்று. நிலைக்குழு சொன்னதும் தடவாரியான வரம்புதான். ரயிலோ பேருந்தோ சில மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும் தடத்தைச் சந்தையிடம் விடலாம். மாற்று வழிக்கு இரண்டு நாள் ஆகும் தடத்தில் உச்சவரம்பு ஒன்றை நிலையாக வைக்கலாம். குறுந்தூரத் தடங்களுக்கு இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2017 ஏப்ரலில் தொடங்கிய உடான் திட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்குரிய சலுகை இருக்கைகளுக்கு ரூ.2,500 என வரம்பு வகுக்கப்பட்டது. சிற்றூர்களை இணைக்க முடிந்த அரசால் தொலைவூர்களை இணைக்க முடியாதா என்பதே கேள்வி.

நிலையத்தின் கட்டணம்

பயணச்சீட்டில் தொலைவுக்குத் தொடர்பில்லாத ஒரு தொகையும் உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையம் 2021 அக்டோபர் 14 அன்று, 50 ஆண்டுக் குத்தகையில் அதானி குழுமத்தின் நிர்வாகத்துக்கு மாறியது. ஒரு பயணிக்கு ரூ.168 தருவதாக அக்குழுமமும், ரூ.135 தருவதாகக் கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் ஏலத்தில் கூறியிருந்தன. மாநில அரசின் தொகை பத்து சதவீத வேறுபாட்டுக்குள் இருந்திருந்தால் முன்னுரிமை கிடைத்திருக்கும், அவ்வாறு அமையவில்லை. 2020 ஆகஸ்டில் கேரளச் சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநில அரசின் மனுவை அதே ஆண்டு அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதன் பின், விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி 2024 ஜூலை முதல் அங்கிருந்து புறப்படும் உள்நாட்டுப் பயணியின் மேம்பாட்டுக் கட்டணம் ரூ.506இலிருந்து ரூ.770 ஆனது. வந்திறங்கும் பயணிக்கும் ரூ.330 விதிக்கப்பட்டது. இத்தொகைகள் ஆண்டுதோறும் உயரும் என்றும் ஆணை வகுத்தது. கட்டண உச்சவரம்பு விதிக்கப்பட்ட காலத்திலும் இவை அதற்கு வெளியேதான் இருந்தன.

குமரி, நெல்லை மாவட்ட மக்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியது, விமானத்துக்குச் செல்லும் சாலை மாறவில்லை. 2025 ஜூலையில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். தில்லிக்கு நிலையான நேரடிச் சேவை அங்கிருந்து அமைந்தால் தென்மாவட்டங்களின் நிலை மாறும். அதுவரை திருவனந்தபுரத்தில் உயரும் ஒவ்வொரு ரூபாயும் நாகர்கோவில் பயணியின் பையிலிருந்தும் செல்கிறது.

அம்பேத்கர் போட்ட பட்டியல்

தலைநகரின் தொலைவு ஒரு கூட்டாட்சிப் பிரச்சினை என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். 1955இல் வெளியான மொழிவாரி மாநிலங்கள் குறித்த தமது நூலில், இந்தியாவுக்கு இரண்டாவது தலைநகரம் தேவை என்றும், அதற்கு ஹைதராபாத் பொருத்தமானது என்றும் அவர் வாதிட்டார். தலைநகரம் தொலைவில் இருப்பதாகவும், வடக்கத்தியரால் ஆளப்படுவதாகவும் தென்னாட்டினர் உணர்வதை அவர் சுட்டிக்காட்டினார். வாதத்துக்குச் சான்றாக, தில்லியிலிருந்தும் ஹைதராபாதிலிருந்தும் பல நகரங்களுக்கு உள்ள தொலைவைப் பட்டியலிட்டார். அதில் திருவனந்தபுரமும் இடம்பெற்றது. தில்லிக்கு உள்ள தொலைவில் பாதியைவிடக் குறைந்த தொலைவில் இருக்கிறது ஹைதராபாத்.

இரண்டாவது தலைநகரம் அமையவில்லை. உச்ச நீதிமன்றத்தின் கிளையும் தெற்கே வரவில்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி தீர்மானித்தால், தில்லிக்கு வெளியேயும் உச்ச நீதிமன்றம் அமரலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 130ஆவது பிரிவு. நான்கு மண்டலங்களில் மேல்முறையீட்டு அமர்வுகள் வேண்டும் என்று 2009இல் சட்ட ஆணையம் தனது 229ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. தலைநகரம் தெற்கே நகராது, நீதிமன்றமும் நகராது என்றால், குடிமகன்தான் வடக்கே பயணிக்க வேண்டும். அப்பயணத்தின் விலை, ஒரு தனியார் நிறுவனத்தின் கணினி அன்றைய தேவையைக் கணித்துச் சொல்லும் தொகையாக மட்டுமே இருக்கலாமா?

2,230 கிலோமீட்டரைக் குறைக்க எந்த அரசாலும் இயலாது. மூன்றேகால் மணி நேரத்தைக் குறைப்பது விமானம் செய்வோரின் வேலை. நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது மூன்றாவது அளவுகோல் மட்டுமே. நெருக்கடி வந்தபோது அரசு அதை இருமுறை கையில் எடுத்தது. இருமுறையும் தொலைவில் உள்ளவருக்கு வீதத்தைக் குறைத்தே அளந்தது. சென்னையில் இறங்க நேர்ந்த அந்த இரவில் ஐந்து உறுப்பினர்களும் உணர்ந்திருக்கக் கூடிய தொலைவை, அவர்களது தொகுதி மக்கள் பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் உணர்கிறார்கள். அடுத்த நெருக்கடிக்குக் காத்திராமல் அந்த அளவுகோலை நிரந்தரமாக்குவதா, வேண்டாமா என்பதை அவைதான் முடிவு செய்ய வேண்டும்.